மூன்று நிமிஷக் குளிர்

மூட்டு வலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம்தான் நம்மவர் அறிந்தது. பெங்களூரிலும் மும்பையிலும் இப்போது காசு வாங்கிக்கொண்டு குளிரில் நிறுத்துகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 110 சென்டிகிரேடும் அதற்கு மேலும். இரண்டு, மூன்று நிமிஷம். கையுறை, காலுறை கட்டாயம். வியர்வை ஈரத்தோடு நுழைந்தால் தோல் புண்ணாகிவிடும்.

1978-இல் ஜப்பானிய டாக்டர் யமவுச்சி வாத நோயாளிகளுக்காகக் கையாண்ட முறை இது. வெளியே வந்ததும் வலி மரத்திருக்கும், எத்தனை நாளைக்கு? எந்த நோய்க்கும் இக்கருவியை அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2016-இல் கூறியது.

சில கூண்டுகளில் குளிரூட்டும் நைட்ரஜன் ஆவி பிராணவாயுவை விரட்டிவிடும். 2015-இல் அமெரிக்காவின் நெவாடாவில், கடை மூடிய பின் தனியாக நுழைந்த ஊழியப் பெண் மூச்சுத் திணறி இறந்தார். ரத்தக் கொதிப்பு, இதய நோய்க்காரர்கள் கிட்டவே போகலாகாது. மூட்டை தூக்கி வீங்கிய முழங்காலுக்குத் துண்டில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிஷம் வைத்தாலும் வலி தணியும்; சம்பளத்தில் கை வைக்க வேண்டியதில்லை.