ஓடும் காரில் காற்றாலை வைத்தால் பேட்டரி நிறையுமா?

எலக்ட்ரிக் கார், ஸ்கூட்டர் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கண்ணாடியை இறக்கினால் காற்று முகத்தில் அறைகிறது. அவ்வளவு காற்றும் வீணாகத்தானே போகிறது? காரின் முன்பக்கத்திலோ கூரைமேலோ ஒரு சின்னக் காற்றாலையைப் பொருத்தி, அதில் வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கே அனுப்பினால் சார்ஜ் தீராமல் போய்க்கொண்டே இருக்கலாமே? பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மாணவர்கள் இதைச் செய்து வைக்கிறார்கள். விசிறி பொருத்திய ஸ்கூட்டர் வீடியோக்கள் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகின்றன.

கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விசிறி சுழலும், மின்சாரமும் வரும். ஆனால் வண்டி போகும் தூரம் கூடாது, குறையும். எவ்வளவு குறையும் என்பதைக்கூடக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்துவிட்டால் இனி எந்த வீடியோவும் நம்மை ஏமாற்ற முடியாது.

முதலில், முகத்தில் அறையும் அந்தக் காற்று எங்கிருந்து வந்தது? மர இலைகூட அசையாத ஒரு மதிய வேளையை நினைத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் நிற்பவருக்குப் புழுக்கம். அதே சாலையில் காரில் போகிறவருக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று. வெளியே காற்று நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதற்குள் கார் புகுந்து போகிறது. புகுவதற்கான பலம் மோட்டாரிலிருந்து வருகிறது, மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து வருகிறது. ஆக, நாம் பிடிக்க நினைக்கும் காற்று இயற்கை தந்த காற்றில்லை. நம் பேட்டரி செலவழித்து உண்டாக்கியது.

பழைய சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்களின் கால்களுக்கு இது தெரியும். டைனமோவைத் தட்டிவிட்டதும் அதன் தலை டயரில் உரசி 'ங்' என்று சத்தம் எழும்பும், விளக்கு எரியும், அந்த நொடியே பெடல் கனக்கும். விளக்குக்குப் போன மின்சாரம் அத்தனையும் மிதிப்பவரின் தொடையிலிருந்து போனது. கார்மேல் இருக்கும் காற்றாலையும் அதே டைனமோதான். டயரில் உரசுவதற்குப் பதிலாகக் காற்றில் உரசுகிறது.

இப்போது கணக்கு. ஓரளவு நல்ல வடிவமுள்ள, ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள ஓர் எலக்ட்ரிக் காரை எடுத்துக்கொள்வோம். சமதளச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது காற்றைத் தள்ளிப் போக மட்டும் ஏறக்குறைய 4,300 வாட் வேண்டும். டயர் உருள்வதற்கு இன்னொரு 3,500 வாட். மோட்டாரிலும் கம்பிகளிலும் போகும் இழப்பையும் சேர்த்தால் பேட்டரி 9,000 வாட் அளவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கூரைமேல் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு விசிறியை வைப்போம். மேசை மின்விசிறியைவிடக் கொஞ்சம் பெரியது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வட்டத்துக்குள் நுழையும் காற்றின் ஆற்றல் சுமார் 1,860 வாட் கணக்கில் வரும். அது முழுவதையும் எடுத்துவிட முடியாது. எடுத்துவிட்டால் காற்று விசிறியின் பின்னால் அப்படியே நின்றுவிடும், அடுத்து வரும் காற்றுக்கு வழி இருக்காது. எடுக்கக்கூடிய உச்சவரம்பு 59.3 சதவீதம்தான் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-இல் கணக்கிட்டுக் காட்டினார். உலகில் நிற்கும் எந்தக் காற்றாலையும், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இந்த வரம்புக்கு உட்பட்டதே. நம் விசிறிக்கு அது சுமார் 1,100 வாட்.

பெட்ஸின் கணக்கு அதோடு நிற்பதில்லை. காற்றிலிருந்து ஆற்றலை எடுக்க வேண்டுமானால் காற்றின் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும் விசிறியைக் காற்றும் பின்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுவிசை எவ்வளவு என்பதும் அதே கணக்கிலேயே கிடைக்கிறது. உச்சவரம்பில் ஓடும் விசிறி 1,100 வாட் தரும்போது, அதைச் சுமந்துகொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் போக மோட்டார் கூடுதலாக 1,650 வாட் தர வேண்டியிருக்கும். அதாவது மூன்று கொடுத்தால் இரண்டு திரும்பும். உராய்வே இல்லாத, குறையே இல்லாத, கற்பனையில் மட்டும் இருக்கக்கூடிய விசிறிக்கே இந்த நிலை. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் மனதில் நிறுத்த வேண்டிய கணக்கு இது ஒன்றுதான். நல்ல பேரிங், உயர்ந்த காந்தம், இலேசான இறக்கை என்று எதை மாற்றினாலும் கொடுத்ததைவிடக் குறைவாகவே திரும்பும்.

கடையில் வாங்கக்கூடிய விசிறி அதை நெருங்குவதுகூட இல்லை. அந்த அளவிலுள்ள சிறு விசிறிகள் காற்றின் ஆற்றலில் 30 சதவீதம் எடுத்தாலே நல்ல விசிறிதான். ஜெனரேட்டரிலும், மின்னோட்டத்தைச் சீராக்கும் சர்க்யூட்டிலும், பேட்டரிக்குள் ஏறும்போதும் இழப்பு உண்டு. கடைசியில் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 450 வாட். அதற்காகப் பேட்டரியிலிருந்து கூடுதலாகப் போவது 1,500 வாட் அளவில் இருக்கும். விசிறி இல்லாமல் 300 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டிய கார், விசிறியோடு 270-ஐத் தாண்டுவதே கடினம்.

இங்கே ஒருவர் நியாயமான ஒரு மறுப்பைச் சொல்லலாம். கூரைமேல் புதிதாக வைத்தால்தானே தடை கூடும்? காரின் முன்முகம் ஏற்கெனவே காற்றில் மோதிக்கொண்டுதானே இருக்கிறது? அந்த இடத்திலேயே, கிரில்லுக்குள், விசிறியைப் பதித்துவிட்டால்?

இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. தட்டையான ஒரு பலகை காற்றில் படுவதால் வரும் தடையைவிட, அதே அளவு விசிறி சுழல்வதால் வரும் தடை கொஞ்சம் குறைவு. ஆகவே வண்டியின் முகத்தில் பலகை மாதிரி ஒரு பகுதி இருந்து, அதை அகற்றிவிட்டு விசிறியை வைத்தால் காகிதத்தில் லாபம் தெரியும். ஆனால் அந்த இடத்தில் விசிறிக்குப் பதிலாக வழவழப்பான வளைந்த மூடியை வைத்தால் தடை அதைவிட மிகவும் குறைந்துவிடும். சேமித்த வாட் அப்படியே பேட்டரியில் தங்கும். ஜெனரேட்டர் இழப்பு, சார்ஜ் இழப்பு எதுவும் கிடையாது. பெட்ரோல் கார்களுக்கு ரேடியேட்டர் குளிர வேண்டும் என்பதால் முன்னால் பெரிய திறப்பு. எலக்ட்ரிக் கார்களில் பலவற்றின் முகம் மூடியே இருப்பதும், காற்று உள்ளே வர வேண்டிய இடத்தில்கூடத் தேவையில்லாதபோது மூடிக்கொள்ளும் ஷட்டர்கள் வைப்பதும் இதனால்தான்.

தூரத்தைக் கூட்ட உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதற்கு மெர்சிடஸ் நிறுவனத்தின் இ.க்யூ.எக்ஸ்.எக்ஸ். என்ற சோதனைக் கார் நல்ல உதாரணம். 2022 ஏப்ரலில் ஜெர்மனியின் சிண்டல்ஃபிங்கனிலிருந்து கிளம்பி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, பிரான்ஸின் தென்கரையிலுள்ள கஸி என்ற ஊர் வரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே சார்ஜில் ஓடியது. 100 கிலோமீட்டருக்கு அது செலவழித்தது 8.7 யூனிட். அந்தக் காரைக் கட்டியவர்கள் காற்றைப் பிடிக்க முயலவில்லை. காற்று தெரியாமல் வழுக்கிப் போகும்படி உடலைச் செதுக்கினார்கள். அதன் காற்றுத்தடைக் குணகம் 0.17, சாதாரணக் காருக்குச் சுமார் 0.3. கூரையில் சோலார் செல்களை மட்டும் பதித்தார்கள். வெயில் பேட்டரியிலிருந்து வருவதில்லை அல்லவா?

சரி, பிரேக் போடும்போது மட்டும், இறக்கத்தில் மட்டும் விசிறியை விரித்தால்? அப்போது தடை நமக்கு வேண்டியதுதானே? யோசனை சரி. ஆனால் அந்த வேலையைச் செய்ய காரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுத்துப் பேட்டரிக்கு அனுப்புகிறது. ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இதைவிடச் சிறப்பாக எந்த விசிறியாலும் செய்ய முடியாது.

ஓடும் வாகனத்தில் காற்றாலை வைப்பது எங்குமே நடைமுறையில் இல்லையா என்றால், இருக்கிறது. விமானத்தில். பல பயணிகள் விமானங்களின் வயிற்றுப் பகுதியில் ஒரு சின்னக் காற்றாடி மடித்து வைக்கப்பட்டிருக்கும். எல்லா எஞ்சினும் நின்றுபோனால் அது வெளியே விழுந்து சுழலத் தொடங்கும். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் அணைந்தபோது இப்படித்தான் நடந்தது. எரிபொருளைக் கிலோவில் கணக்கிடுவதற்குப் பதில் பவுண்டில் கணக்கிட்டதால் வந்த வினை. காற்றாடி தந்த சக்தியில் விமானத்தைத் திருப்பவும் சாய்க்கவும் முடிந்தது. கேப்டன் பாப் பியர்சன் அதைக் கனடாவின் கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அந்தக் காற்றாடி சுழன்றதற்கான விலையை விமானம் தன் உயரத்தில் கொடுத்தது. தரையை நெருங்கி வேகம் குறையக் குறையக் காற்றாடியின் பலமும் குறைந்து, விமானத்தைக் கட்டுப்படுத்துவது கடினமானது. உயிர் காக்க அந்த விலை தரலாம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போக ஏன் தர வேண்டும்?

அப்படியானால் வீடியோக்களில் பேட்டரி ஏறுவதாகக் காட்டுகிறார்களே? பெரும்பாலும் அங்கே காட்டப்படுவது ஒரு மல்டிமீட்டர், அதில் 13, 14 வோல்ட். அல்லது எரிகிற எல்.இ.டி. விளக்கு. சுமை எதுவும் இணைக்காத சின்ன மோட்டாரைக் கையால் சுழற்றினாலும் வோல்ட் வரும். எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்பதே கேள்வி. அதற்கும் மேல், வருகிற மின்சாரத்தை மட்டும் காட்டி, அதற்காக மோட்டார் கூடுதலாக இழுத்த மின்சாரத்தைக் காட்டாமல் விடுகிறார்கள். வரவை மட்டும் எழுதிய கணக்குப் புத்தகத்தில் யாருக்கும் நஷ்டம் வராது.

இதைச் செய்துபார்க்க விரும்பும் மாணவரிடம் 'நடக்காது, விடு' என்று சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அளக்கச் சொல்ல வேண்டும். ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே ஆள். பேட்டரியை முழுதாக ஏற்றிவிட்டு விசிறியோடு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை. அன்று அடிக்கும் காற்றின் பாதிப்பு சரியாகிப்போக, போன வழியிலேயே திரும்பி வர வேண்டும். பிறகு மறுபடி நிரப்ப எத்தனை யூனிட் ஆயிற்று என்று மீட்டரில் பார்க்க வேண்டும். விசிறியோடு போன நாளில் மீட்டர் அதிகம் காட்டும். அந்த எண்ணைத் தன் கையால் எழுதிய மாணவர் ஆற்றல் அழிவின்மை விதியை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

உண்மையான காற்று அடிக்கும்போது கதை மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது காற்று ஒரு வேகத்தில் போகிறது, தரை நிலையாக இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து ஆற்றல் எடுக்கலாம். அமெரிக்காவின் ரிக் கவல்லாரோ கட்டிய 'பிளாக்பேர்ட்' என்ற வண்டி 2012-இல் காற்றுக்கு நேர் எதிராக, காற்றைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. பேட்டரி இல்லை, காற்றாலை இறக்கைகள் சக்கரத்தைச் சுழற்றின. காற்று நின்றால் அதுவும் நின்றுவிடும். எடை குறைந்த வண்டி, திறந்த வெளி, நல்ல காற்று இவை மூன்றும் சேர்ந்தால்தான் இது நடக்கும். குடும்பத்தோடு ஏறிப்போகும் கார் இந்தக் கூட்டத்தில் சேராது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2011-இல் நடந்த ஒரு பயணம். டிர்க் கியான், ஷ்டெஃபான் ஸிம்மெரர் என்ற இரு ஜெர்மானியர்கள் 'விண்ட் எக்ஸ்ப்ளோரர்' என்ற எலக்ட்ரிக் வண்டியில் ஆஸ்திரேலியாவின் மேற்கே ஆல்பனியிலிருந்து கிழக்கே சிட்னி வரை ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் போனார்கள். வண்டியின் எடை சுமார் 200 கிலோ, பேட்டரி 8 யூனிட். அவர்களிடம் காற்றாலை இருந்தது, ஆனால் ஓடும்போது அதை மடித்து உள்ளே வைத்திருந்தார்கள். ஓய்வுக்கு நிறுத்திய இடத்தில் ஆறு மீட்டர் மூங்கில் கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் காற்றாலையை ஏற்றி, பேட்டரியை நிரப்பினார்கள். சாதகமான காற்று அடித்தால் பெரிய பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு, அது இழுக்க வண்டியை ஓட்டினார்கள். காற்று போதாத இடங்களில் சாதாரண பிளக்கில் சொருகிக்கொண்டார்கள்.

காற்றாலை நிற்க வேண்டிய இடம் தரை; அதுவும் காற்று தானாக ஓடும் தரை. ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் நமக்கு அப்படிப்பட்ட இடங்கள். அங்கே 2 மெகாவாட் காற்றாலை ஒன்று ஆண்டுச் சராசரியாகத் தன் திறனில் கால்பங்கு ஓடினாலும் சுமார் 44 லட்சம் யூனிட் தரும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் எலக்ட்ரிக் காருக்கு 2,250 யூனிட் போதும். மின்கம்பியில் போகும் இழப்பு, சார்ஜ் ஏற்றும்போது போகும் இழப்பு எல்லாவற்றையும் கழித்தாலும், அந்த ஒரே காற்றாலை 1,500 கார்களை ஆண்டு முழுவதும் ஓட்டும்.