வலது என்றால் எந்த வலது? மாதிரி விமானத்தின் ஏலரானும் ஃபிளாப்பும்

மாணவர்களே, ஒரு சனிக்கிழமை காலை எங்கள் பள்ளித் திடலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிவியல் கழக மாணவர்கள் மூன்று மாதம் உழைத்துச் செய்த மாதிரி விமானம் முதன்முறையாகப் பறக்கத் தயாராக நின்றது. மோட்டார் சுழன்றது, விமானம் புல்லில் ஓடி மேலெழுந்தது. காற்று தள்ளியதில் இடப்பக்கம் சற்றே சாய்ந்தது. டிரான்ஸ்மிட்டரைப் பிடித்திருந்த படிவம் 4 மாணவர் குச்சியை வலப்பக்கம் தள்ளினார். விமானமோ இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. பதறிப்போய் இன்னும் அதிகமாகத் தள்ளினார். சில விநாடிகளில் விமானம் கவிழ்ந்து தரையில் மோதியது.

“நான்தான் சார் கெடுத்துட்டேன்” என்று அவர் தலைகுனிந்தார். உண்மையில் தவறு என்னுடையது. புறப்படும் முன் ஏலரான்களைச் சோதித்தவன் நான். விமானத்தின் மூக்குக்கு எதிரே நின்று சோதித்தேன். குச்சியை வலப்பக்கம் தள்ளியபோது என் வலக்கைப் பக்கம் இருந்த ஏலரான் மேலெழுந்தது. “சரி” என்று தலையாட்டினேன். ஆனால் அது விமானத்தின் இடது இறக்கை!

இந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்க, ஏலரான், ஃபிளாப் இரண்டையும் பொருத்தும் முறையை இன்று பார்ப்போம்.

ஏலரான் என்ன செய்கிறது?

இறக்கையின் பின்விளிம்பில், நுனிக்கு அருகில் அசையும் பலகையே ஏலரான். அது கீழே இறங்கினால் அந்த இறக்கையின் வளைவு கூடி, தூக்குவிசை அதிகரிக்கும். மேலே எழுந்தால் தூக்குவிசை குறையும். இரு ஏலரான்களும் எப்போதும் எதிரெதிராக அசையும். வலப்பக்கம் சாய வேண்டுமானால் வலது ஏலரான் மேலே, இடது ஏலரான் கீழே போக வேண்டும். அப்போது இடது இறக்கை உயர, விமானம் வலப்பக்கம் சாயும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தூக்குவிசை கூடும் இறக்கையில் காற்றுத் தடையும் கூடும். வலப்பக்கம் திரும்ப நினைக்கும்போது இடது இறக்கை பின்னுக்கு இழுக்கப்பட்டு, விமானத்தின் மூக்கு இடப்பக்கம் போகும். இதைக் குறைக்க, ஏலரான் மேலே எழும் அளவைவிடக் கீழே இறங்கும் அளவைக் குறைவாக வைப்பார்கள். எடுத்துக்காட்டாக, மேலே 12 மில்லிமீட்டர் என்றால் கீழே 8 மில்லிமீட்டர்.

செர்வோவும் நெம்புகோலும்

ஏலரானை அசைப்பது செர்வோ என்ற சிறிய மோட்டார்ப் பெட்டி. ரிசீவர் அதற்கு மின்துடிப்புகளை அனுப்புகிறது. ஒரு துடிப்பு 1.5 மில்லிவிநாடி நீடித்தால் செர்வோவின் கை நடுவில் நிற்கும். அது 1 மில்லிவிநாடியாகக் குறைந்தால் ஒரு பக்கமும், 2 மில்லிவிநாடியாகக் கூடினால் மறுபக்கமும் திரும்பும்.

செர்வோவின் கையை ஏலரானில் உள்ள சிறு கொம்புடன் ஒரு கம்பி இணைக்கிறது. நீங்கள் படித்த நெம்புகோல் தத்துவம் இங்கே வேலை செய்கிறது. கம்பியைச் செர்வோ கையின் வெளித்துளையில் மாட்டினால் ஏலரான் அதிகம் அசையும். ஆனால் விசை குறையும். கொம்பின் வெளித்துளையில் மாட்டினால் அசைவு குறையும், விசை கூடும். புதிதாகப் பறக்கவிடுபவர்களுக்குக் குறைந்த அசைவே நல்லது.

பொருத்தும் முறை இதுதான். முதலில் காற்றாடியைக் கழற்றிவிடுங்கள். எதிர்பாராமல் சுழன்றால் விரலைக் காயப்படுத்திவிடும். டிரான்ஸ்மிட்டரை இயக்கிய பிறகே விமானத்துக்கு மின்சாரம் கொடுங்கள். குச்சியும் டிரிம்மும் நடுவில் இருக்கும்போது, செர்வோவின் கையைக் கம்பிக்குச் செங்குத்தாக மாட்டுங்கள். பிறகு கம்பியின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ ஏலரானை இறக்கையோடு சமமாக்குங்கள். டிரிம்மைத் தள்ளிச் சமாளிக்காதீர்கள். அது பறக்கும்போது தேவைப்படும்.

ஃபிளாப்: ஒரே கம்பி, வேறு விளைவு

ஃபிளாப் இறக்கையின் உட்பகுதியில், உடலுக்கு அருகில் இருக்கும். இரண்டும் ஒன்றாகவே கீழே இறங்க வேண்டும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால், மற்றவை மாறாதபோது, தூக்குவிசை நான்கில் ஒரு பங்காகிவிடும். தரையிறங்கும்போது வேகத்தைக் குறைத்தாலும் விழாமல் இருக்க ஃபிளாப் கூடுதல் தூக்குவிசையைத் தருகிறது. அதோடு காற்றுத் தடையையும் கூட்டுகிறது.

இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். இரு இறக்கைகளிலும் செர்வோக்களைக் கண்ணாடிப் பிம்பம்போல் பொருத்தி, இரண்டையும் ஒய் வடிவக் கம்பியால் ஒரே சேனலில் இணைத்தால், பலகைகள் எதிரெதிராக அசையும். ஏலரானுக்கு அது மிகச் சரி. ஃபிளாப்புக்கு அதுவே ஆபத்து: ஒன்று கீழே, மற்றொன்று மேலே போய் விமானம் உருண்டுவிடும். ஆகவே ஃபிளாப்புக்கு இரு தனிச் சேனல்களைப் பயன்படுத்தி, ஒன்றின் திசையை டிரான்ஸ்மிட்டரில் மாற்றுங்கள்.

ஃபிளாப்பை இறக்கும்போது பல விமானங்களின் மூக்கு திடீரென மேலே எழும். அதனால் முதல்முறை நல்ல உயரத்தில், சிறிதளவு மட்டும் இறக்கிப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரில் வசதி இருந்தால் ஃபிளாப் மெதுவாக, இரண்டு விநாடிகளில் இறங்கும்படி அமையுங்கள்.

பெரிய விமானத்திலும் நடந்தது

திசை மாறிய ஏலரான் விளையாட்டு விமானத்தின் சிக்கல் மட்டுமல்ல. 2018 நவம்பர் 11ஆம் நாள், போர்த்துகலின் அல்வெர்காவில் பராமரிப்புப் பணி முடிந்து ஓர் எம்ப்ரேயர் 190 விமானம் புறப்பட்டது. ஏலரான் கம்பிகள் தவறாக மாட்டப்பட்டிருந்தன. வானில் ஏறியதும் விமானம் விமானியின் கட்டளைக்கு எதிராகச் சாயத் தொடங்கியது. உள்ளே இருந்தவர்கள் 6 பேர். நீண்ட போராட்டத்துக்குப் பின், போர் விமானங்கள் வழிகாட்ட, மூன்றாம் முயற்சியில் பேஜா விமானத் தளத்தில் பாதுகாப்பாகத் தரையிறங்கினார்கள். புறப்படும் முன் செய்யும் சோதனையில் அந்தக் கோளாறு கண்ணில் படவில்லை.

புறப்படும் முன் ஐந்து சோதனைகள்

1. விமானத்தின் வாலுக்குப் பின்னால், அது பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள்.
2. குச்சியை வலப்பக்கம் தள்ளுங்கள். வலது ஏலரான் மேலே, இடது கீழே.
3. குச்சியை இடப்பக்கம் தள்ளுங்கள். இடது ஏலரான் மேலே, வலது கீழே. எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கம் எழ வேண்டும்.
4. ஃபிளாப் விசையைத் தட்டுங்கள். இரண்டும் ஒன்றாக, ஒரே அளவில் இறங்க வேண்டும்.
5. நீங்கள் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நண்பர் கேட்டுச் சரிபார்க்கட்டும்.

இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரியவர் துணையோடு, அனுமதி பெற்ற திறந்தவெளியில், விமான நிலையத்திலிருந்து வெகு தொலைவில் மட்டுமே பறக்கவிடுங்கள்.

உடைந்த இறக்கையை நாங்கள் ஒட்டிச் சரிசெய்தோம். ஆறு வாரம் கழித்து அதே விமானம் மீண்டும் திடலுக்கு வந்தது. நான் வழக்கம்போல் மூக்குப் பக்கம் போய் நின்றேன். டிரான்ஸ்மிட்டரைக் கையில் வைத்திருந்த அதே மாணவர் சிரித்தபடி சொன்னார்: “சார், பின்னால வந்து நில்லுங்க.”