மலைச் சாலைக்கும் சமவெளிக்கும் ஒரே சைக்கிள்

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் சைக்கிளில் சென்ற அங்கத்தினர்கள் ஒன்றை நன்கு அறிவர். ஏற்றத்தில் கால் ஓய்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் பிரேக் ஓய்ந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. கல்வராயன் மலையின் பெரும்பகுதி 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்தது. அடிவாரத்திலோ கரும்புப் பாரம் ஏற்றிய வண்டிகள் ஓயாது செல்லும் சமவெளிச் சாலைகள். காலையில் தார், நண்பகலில் சரளை, மாலையில் மழை பெய்துவிட்டால் சேறு என ஒரே நாளில் பலவகைத் தரையை ஒரே வண்டி காண நேரிடுகிறது. அத்தகைய வண்டியைப் பேணுவது எவ்வாறு, சிறிது பணம் சேர்ந்தால் எதனை முதலில் மாற்றுவது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

அகன்ற டயரும் பல பற்சக்கரங்களும் கொண்டு 'கியர் சைக்கிள்' என்ற பெயரால் இன்று விற்கப்படும் மலைச் சைக்கிளின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து டமால்பாயிஸ் மலையருகே வாழ்ந்த இளைஞர் சிலர், 1970-களில், பல்லாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கனத்த சைக்கிள்களைத் தேடி வாங்கி, மண் பாதையில் இறங்கி விளையாடினர். 1976-இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் ஹப்பினுள்ளே பிடிக்கும் பிரேக் அவ்வண்டிகளில் இருந்தது. ஒரு முறை மலை இறங்கியதும் ஹப் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிவிடும். மீண்டும் கிரீஸைத் திணித்த பின்னரே அடுத்த ஓட்டம். மீண்டும் திணித்தல் என்பதே அப்பெயரின் பொருள். அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ், இவ்வகை ஓட்டத்திற்கென்றே தனியாக ஒரு பிரேமை 1977-இல் செய்தார். மலைச் சைக்கிள் பிறந்தபொழுதே அதன் முதற் சிக்கல் பிரேக்கின் வெப்பமாகவே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அவ்வெப்பம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் மூட்டையுமாக 100 கிலோ எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். அதனால் வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். வேகமாக இறங்குங்கால் ஒரு பங்கைக் காற்று ஏற்றுக்கொள்கிறது. மெதுவாக இறங்குங்கால் பெரும்பங்கு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்குமே சேர்கிறது. ஆகவே, அச்சம் கொண்டு பிரேக்கை இடைவிடாது உரசவிட்டு இறங்குவது தவறான பழக்கம். நேரான இடத்தில் சற்றே விட்டு, வளைவுக்கு முன்பாகவே முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வளைவினுள் நுழைந்த பின் சரளையில் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். நீண்ட இறக்கத்தில் இடையே நின்று ரிம்மை ஆறவிடுதல் நலம். மிகைச் சூட்டினால் டியூபில் போட்ட ஒட்டு விட்டுப்போவதும் உண்டு. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் அத்தகட்டை விரலால் தொட்டுச் சோதிக்கலாகாது.

பழைய பெரிய சைக்கிள்களில் முலாம் பூசிய இரும்பு ரிம் இருக்கும். காய்ந்த சாலையில் குறையில்லை. நனைந்துவிட்டாலோ ரப்பர் கட்டை அதன்மேல் வழுக்கும். வண்டி நிற்பதற்குப் பன்மடங்கு தூரம் வேண்டும். மழைக்காலத்தில் மலைக்குச் செல்வோர் வேறெதனை மாற்றாவிடினும், இரும்பு ரிம்மை நீக்கி அலுமினிய ரிம் போட்டுக்கொள்வதும், அதற்கேற்ற பிரேக்கை அமைத்துக்கொள்வதும் அவசியம். அலுமினிய ரிம்மும் தேயும். அதன் பக்கச் சுவரில் இரும்பு அடிக்கோலை வைத்துப் பாருங்கள். நடுவே குழிந்து இடைவெளி தெரிந்தால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. பிரேக் கட்டையில் பதிந்த மணலை ஊசியால் கிளறி எடுக்க வேண்டும். இல்லையேல் அது அரம் போல் ரிம்மை அராவும். பிரேக் கேபிள் கைப்பிடியருகே ஓர் இழை அறுந்திருந்தாலும் ஜூன் மாதத்திற்கு முன்பே மாற்றிவிடுக.

சேற்றில் டிஸ்க் பிரேக் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதனைப் பொருத்துவதற்கு உரிய ஹப்பும், பிரேமில் அதற்கான பிடிப்பும் வேண்டும். பழைய வண்டியில் வெல்டிங் வைத்து ஒட்டவைக்கும் முயற்சியை நாம் ஆதரிக்கவில்லை.

டயரைப் பொறுத்தவரை, காற்றின் அளவே பாதி வேலையைச் செய்கிறது. 26 அங்குலச் சக்கரத்தில் இரண்டு அங்குல அகல டயருக்குத் தார்ச் சாலையில் 45 பவுண்டும், சரளையிலும் சேற்றிலும் 30 முதல் 35 பவுண்டும் பொருந்தும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட எல்லையை மீறலாகாது. மிகவும் குறைத்தால், கல்லில் மோதும்போது டியூப் கல்லுக்கும் ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் இடையே நசுங்கி அருகருகே இரண்டு துளைகள் விழும். வால்டியூப் போடும் பழைய வகை வால்வில் காற்றை அளந்து பார்ப்பது கடினம். மோட்டார் வால்வு உள்ள டியூபை வாங்கினால் பெட்ரோல் பங்கிலேயே அளந்து நிரப்பலாம்.

ஏற்றத்திற்கு வருவோம். 44 பல் முன் சக்கரமும் 18 பல் ஃபிரீவீலும் உள்ள பெரிய சைக்கிள், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 5.4 மீட்டர் செல்லும். 22 பல் ஃபிரீவீல் போட்டால் அது 4.4 மீட்டராகக் குறையும். காலுக்குப் பெரிய ஆறுதல், செலவும் அற்பம். செயினில் ஓர் அங்குலம் கூட்ட நேரிடலாம். கியர் சைக்கிளிலோ முன்னும் பின்னும் 28 பல் வைத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டரே. மேடு தொடங்குவதற்கு முன்பே கியரை மாற்ற வேண்டும். பாரத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் நெளியும்.

செயினை அளப்பது எளிது. புதிய செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணினால் 24-ஆம் பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். கியர் வண்டியில் அது 1/16 அங்குலமும், சாதாரண வண்டியில் 1/8 அங்குலமும் தள்ளிப்போனால் செயினை மாற்றுக. காலம் தாழ்த்தினால் பற்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்து, செலவு இரட்டிக்கும். தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் பிசினாகித் தூசியை ஈர்க்கும். மெல்லிய மெஷின் எண்ணெயை இட்டு, மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுவதே முறை. ஓடையில் ஹப் முழுகியிருந்தால், கடைக்காரர்கள் 'ஓவராயில்' என்று வழங்கும் முழுச் சுத்தத்தைத் தள்ளிப்போடலாகாது. அங்ஙனம் பிரிக்குங்கால் இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுழலும் என்பதை நினைவிற் கொள்க.

நூற்சிப்பமாயினும் மரவள்ளி மூட்டையாயினும் கேரியரின்மேல் உயரமாகக் கட்டினால் இறக்கத்தில் வண்டி ஆடும். இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிடுவதே நன்று. நெசவாளர் செயின் பக்கத்தில் ஒரு தகரத் தட்டி வைத்துக்கொள்ளட்டும். பாவில் பட்ட கறுப்பெண்ணெய் எளிதில் போகாது. முன்பக்க ஷாக் அப்சார்பருக்காக அதிகப் பணம் கொடுப்பது, நம் கருத்தில், வீண். விலை குறைந்தவற்றில் அது எடையைக் கூட்டித் துருப்பிடிப்பதற்கே பயன்படுகிறது. அப்பணத்தில் ரிம்மும் டயரும் வாங்கலாம்.

கோட்டம் எடுக்கும் சாவி, செயின் பின் தள்ளும் கருவி, கோன் ஸ்பானர், காற்றளவு காட்டும் பம்ப் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்குவது ஒவ்வொருவருக்கும் பாரம். சங்கக் கட்டடத்தில் ஒரு தொகுதி வைத்து, பதிவேட்டில் கையொப்பம் பெற்று வழங்கலாம். வாங்குவதற்கு முன் அங்கத்தினர்களின் வண்டிகளைக் கணக்கெடுத்துக்கொள்ளுதல் வேண்டும். ஃபிரீவீல் கழற்றும் கருவி எல்லா வண்டிகளுக்கும் ஒன்றல்ல.