மிதக்கும் பேனல், கரையேறும் பேனல்

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)



லேப்பில் தினமும் நாம் பார்த்துக்கொண்டே, ஆனால் யோசித்தே பார்க்காத ஒரு பொருளைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஆட்டோகேட், ஜிம்ப், லிப்ரே ஆபீஸ் என்று எதைத் திறந்தாலும் நடுவில் நம் வேலை இருக்கும். அதைச் சுற்றி இடதிலும் வலதிலும் சின்னச் சின்னப் பலகைகள் இருக்கும். கலர், லேயர், எழுத்துரு எல்லாம் அதில்தான். இதற்குத்தான் பேனல் என்று பெயர். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் அது டாக் ஆன பேனல். பிய்த்து எடுத்து திரையில் எங்கு வேண்டுமானாலும் விட்டால் அது மிதக்கும் பேனல்.

"இதிலென்ன பெரிய விஷயம்?" என்று கேட்கலாம். எங்கள் குழுவின் ப்ராஜெக்ட் இதில்தான் நிற்கிறது. நான் மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரைப் பையன். எங்கள் வீட்டில் புத்தகம் தூக்கிய முதல் ஆள். அப்பா கடலுக்குப் போகிறவர். ஏலத்தில் மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், கமிஷன் எல்லாம் கழித்து, மீதியைப் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். அந்தப் பங்குக் கணக்குக்கு ஒரு ப்ரோகிராம் எழுதுகிறோம். கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் கரையில் சண்டைதான்! கணக்கு எழுதப் போகிறவர் எங்கள் தெரு அக்கா. அவர் வைத்திருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர். என்னிடம் இருப்பது தெரு அண்ணன் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த அரசு லேப்டாப். ஆகவே ஒரே ப்ரோகிராம் இரண்டிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும்.

ஒரு மெஷினில் இரண்டு வீடு

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினை நமக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. அதாவது ஒரே பெட்டிக்குள் இரண்டு வீடு. ஒரே ப்ரோகிராமை இரண்டு வீட்டிலும் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பட்டன் எல்லாம் அதேதான். ஆனால் மிதக்கும் பேனல் மட்டும் இங்கே ஒரு மாதிரியும் அங்கே வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். ஏன்?

ஜன்னலுக்கு எஜமான் யார்?

பேனல் ஓரத்தில் ஒட்டியிருக்கும்வரை அது நம் ப்ரோகிராமின் ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறது. நாம் சொன்ன பேச்சைக் கேட்கும். பிய்த்து மிதக்கவிட்ட அந்த நிமிஷமே அது தனி ஜன்னல் ஆகிவிடுகிறது. தனி ஜன்னலுக்கு எஜமான் நாம் இல்லை, இயங்குதளம்தான். இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் முடிந்தது.

விண்டோஸில் ஒரு ஜன்னலை இன்னொரு ஜன்னலுக்குச் சொந்தமானது என்று அறிவிக்கலாம். அப்படிச் சொந்தமான பேனல் எப்போதும் தாய் ஜன்னலுக்கு மேலேயே நிற்கும். தாயை மினிமைஸ் செய்தால் பிள்ளையும் கூடவே போய்விடும்.

மேக்கில் வேறு ப்ரோகிராமுக்குப் போனால் மிதக்கும் பேனல்கள் பொதுவாக மறைந்துகொள்ளும். திரும்பி வந்தால் மறுபடி தோன்றும். தெரியாதவன் பார்த்தால் "பேனல் காணோமே!" என்று பதறுவான்.

லினக்ஸில் எக்ஸ் விண்டோ முறையில், "இந்தப் பேனல் இந்த ஜன்னலைச் சேர்ந்தது" என்று ஒரு குறிப்பு மட்டும்தான் நாம் கொடுக்க முடியும். அதை எப்படி மதிப்பது என்பது விண்டோ மேனேஜர் பாடு. புதிதாக வந்துள்ள வேலண்ட் முறை இன்னும் கறார். தன் ஜன்னல் திரையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே அங்கே ப்ரோகிராமுக்குத் தெரியாது, "என்னை இங்கே வை" என்று கேட்கவும் முடியாது. ஆகவே நேற்று மிதக்கவிட்ட இடத்திலேயே இன்றும் பேனல் வரும் என்று வேலண்டில் சத்தியம் செய்ய முடியாது.

பெரியவர்கள் பட்ட பாடு

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைகளில் வெகுகாலம் கொடி கட்டிப் பறந்தது பேஜ்மேக்கர். 1985-ல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டு, பிறகு அடோபி கைக்குப் போய், 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோனது. அதில் கலர், ஸ்டைல் எல்லாம் மிதக்கும் பலகைகள்தான். ஃபோட்டோஷாப்பிலும் தொடக்கத்தில் அப்படியே. 2007-ல் வந்த சி.எஸ்.3 பதிப்பில்தான் பேனல்கள் ஓரமாக அடுக்கப்பட்டன.

இலவச மென்பொருளான ஜிம்ப் கதை இன்னும் சுவாரசியம். 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கியது அது. படம் ஒரு ஜன்னல், கருவிகள் ஒரு ஜன்னல், லேயர் ஒரு ஜன்னல் என்று சிதறிக் கிடக்கும். ஜன்னல்களை நன்றாகக் கட்டி மேய்க்கும் லினக்ஸில் அது ஓடியது. விண்டோஸுக்கு வந்தவர்கள் திண்டாடினார்கள். 2012-ல் 2.8 பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே ஜன்னலுக்குள் வைக்கும் வசதி வந்தது. 2018-ல் வந்த 2.10 பதிப்பில் அதுவே முதல் ஏற்பாடாகிவிட்டது. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் ஒரு வீட்டுப் பழக்கத்தை இன்னொரு வீட்டில் அப்படியே நடத்தப் பார்த்ததுதான் சிக்கல்.

க்யூட்டி என்ன தருகிறது?

நாங்கள் பயன்படுத்துவது க்யூட்டி. நார்வே நாட்டின் ட்ரோல்டெக் நிறுவனம் 1995-ல் வெளியிட்ட கருவித்தொகுப்பு. ஒரே நிரலை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் கம்பைல் செய்யலாம். அதன் மெயின் விண்டோவில் நடுவில் ஒரு மைய இடம், சுற்றி நாலு பக்கமும் டாக் இடங்கள். பேனலுக்கு டாக் விட்ஜெட் என்று பெயர். ஒவ்வொரு பேனலுக்கும் மூன்று அனுமதிகளைத் தனித்தனியாகக் கொடுக்கலாம், மறுக்கலாம்: மூடலாமா, நகர்த்தலாமா, மிதக்கவிடலாமா. எந்தெந்த ஓரத்தில் ஒட்டலாம் என்றும் கட்டுப்படுத்தலாம். இரண்டு பேனல்களை ஒன்றன்மேல் ஒன்றாக டேப் ஆக அடுக்கலாம்.

ப்ரோகிராமை மூடும்போது சேவ் ஸ்டேட், திறக்கும்போது ரீஸ்டோர் ஸ்டேட் என்று இரண்டு கட்டளைகள். நேற்று விட்ட அமைப்பு இன்று வரும். ஆனால் ஒவ்வொரு பேனலுக்கும் ஆப்ஜெக்ட் நேம் என்று ஒரு பெயர் வைத்திருக்க வேண்டும். பெயர் இல்லாத பேனலை க்யூட்டி அடையாளம் கண்டு பழைய இடத்தில் வைக்காது.

இந்த நினைவு ஏன் முக்கியம்? விடியற்காலை மூன்று மணிக்கு இருட்டில் படகில் போகிறவர்களைக் கேளுங்கள். கத்தி எங்கே, கயிறு எங்கே, தண்ணிக் கேன் எங்கே என்று யாரும் டார்ச் அடித்துத் தேட மாட்டார்கள். கை தானாகப் போகும். அலையில் உருண்டு ஓடாமல் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் கட்டி வைத்திருப்பார்கள். டாக் ஆன பேனலின் தத்துவமும் அதுதான். மாமல்லபுரம் சிற்பக்கூடத்தில் வேறு மாதிரி. பெரிய கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து செதுக்கும் சிற்பிக்கு உளி கூடவே வர வேண்டும். அது மிதக்கும் பேனல். ஆக, எப்போதும் கண்ணில் பட வேண்டியதைக் கட்டி வை, வேலை நடக்கும் இடத்துக்குக் கூட வர வேண்டியதை மட்டும் மிதக்க விடு.

வடிவமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. திரையை அளந்து பாருங்கள். பழைய லேப்டாப் திரையின் அகலம் பெரும்பாலும் 1366 புள்ளி. இடது பேனல் 220, வலது பேனல் 280 போனால் நடுவில் 866. அதே ப்ரோகிராமை 1024 அகலமுள்ள ப்ரொஜெக்டரில் காட்டினால் வேலைக்கு மிஞ்சுவது வெறும் 524! நடுப்பகுதிக்குக் குறைந்தபட்ச அகலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மீதியைப் பேனல்கள் பங்கு போடட்டும்.

2. தமிழுக்கு இடம் விடுங்கள். அன்டூ என்ற நாலெழுத்து ஆங்கில வார்த்தை தமிழில் "செயல்தவிர்" ஆகி நீளும். உயரமும் முக்கியம். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த வரியில் தமிழைப் போட்டால் மேல் சுழி வெட்டுப்படும். "மீதி" என்பது "மத" என்று தெரிந்தால் பங்குக் கணக்கு என்ன ஆகும்? பேனல் அகலத்தையும் வரி உயரத்தையும் எண்ணாக எழுதி வைக்காமல், எழுத்துருவின் அளவைக் கேட்டு லேஅவுட்டே முடிவு செய்யும்படி விடுங்கள்.

3. மூடிய பேனல் திரும்பி வர வழி வையுங்கள். மெனுவில் "பார்வை" என்ற இடத்தில் எல்லாப் பேனலின் பெயரும் டிக் குறியோடு இருக்கட்டும். க்யூட்டியில் டாகிள் வியூ ஆக்ஷன் இதைச் சுலபமாகத் தருகிறது. கூடவே "பழைய அமைப்புக்குத் திரும்பு" என்று ஒரு கட்டளையும் கட்டாயம் வேண்டும்.

4. காணாமல் போன திரையை நினைத்துக்கொள்ளுங்கள். செமினார் ஹாலில் இரண்டாவது திரையில் மிதக்கவிட்ட பேனல், வீட்டில் அந்தத் திரை இல்லாதபோது எங்கே வரும்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கும். திறக்கும்போதே அது ஏதாவது ஒரு திரைக்குள் இருக்கிறதா என்று ப்ரோகிராம் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் ஒட்டிவிட வேண்டும்.

5. மிதக்காமலும் எல்லா வேலையும் முடிய வேண்டும். மிதப்பது வசதிக்குத்தான். எந்த இயங்குதளத்திலும் நம்பக்கூடியது டாக் ஆன நிலை மட்டுமே.

எங்கள் முடிவு

பங்குக் கணக்கில் நாங்கள் இடது பக்கம் படகுப் பட்டியல், நடுவில் அன்றைய கணக்கு, வலதில் பங்கு, கீழே செலவு என்று வைத்திருக்கிறோம். பங்கும் செலவும் மூடவே முடியாது, மிதக்கவும் விடாது. பணம் எப்போதும் எல்லோர் கண்ணிலும் இருக்கட்டும் என்றுதான். மிதக்க அனுமதி கால்குலேட்டருக்கு மட்டும்.

மூன்றாவது விதியை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், படித்த குடும்பத்துப் பிள்ளைகள் பேனல் காணாமல் போனால் "சாஃப்ட்வேர் மோசம்" என்பார்கள். எங்கள் அக்காவைப் போன்றவர்கள் "நான்தான் எதையோ கெடுத்துட்டேன்" என்று கையை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டார்கள். அந்தப் பயத்தைத் துரத்த ஒரு மெனு வரி போதும். அதை எழுத வேண்டியது நாம்தான்.

நண்பர்களே, இதெல்லாம் பெரிய இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். நம் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் இயங்கும் ஸோஹோ, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கே தனிப் பள்ளி வைத்துப் பயிற்சி தருகிறது. நாம் எழுதும் ப்ரோகிராமை நாளைக்கு யார் கையாளப் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு விசைப்பலகையில் கை வைப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் தொழில்திறன்!