லோடு வண்டியில் காற்றை அளக்கும் சென்சார்: பழுதும் பராமரிப்பும்

காய்கறி, பூ, வாழைத்தார் முதலியவற்றைச் சந்தைக்குக் கொண்டு செல்ல, 'குட்டி யானை' என்று மக்கள் அழைக்கும் சிறு லோடு வண்டிகள் இன்று கிராமங்களில் பெருகிவிட்டன. இவற்றில் பெட்ரோலில் ஓடுபவையும் பல. விடியற்காலையில் சரக்கு ஏற்றிய பிறகு வண்டி இழுக்காமல் திணறினால், சந்தை நேரம் தவறி, அன்றைய விலை கைவிட்டுப் போய்விடும். அவசரத்தில் பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர், பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் செலவழித்த பின், வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாய்தான் காரணம் என்று தெரிய வருவதும் உண்டு. ஆகவே இன்ஜின் காற்றை எப்படி அளக்கிறது, அந்த அளவு தவறினால் என்ன ஆகும் என்பதை வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

காற்றும் பெட்ரோலும்

பூச்சி மருந்து தெளிக்கும்போது தண்ணீரின் அளவைப் பார்த்துத்தான் மருந்தை ஊற்றுகிறோம். மருந்து கூடினால் பயிர் கருகும்; குறைந்தால் பூச்சி சாகாது. இன்ஜினிலும் இதே கணக்குதான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கரும்பு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலை 20 சதம் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 கிலோ போதும். கன அளவில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது.

ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது நாம் திறந்து விடுவது பெட்ரோலை அல்ல, காற்றை. உள்ளே போகும் காற்று எவ்வளவு என்று அறிந்து, அதற்குத் தக்க பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகத் தெளிப்பது வண்டியில் உள்ள கம்ப்யூட்டரின் வேலை. காற்றின் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது சென்சார். சென்சார் தவறாகச் சொன்னால் கலவையும் தவறிவிடும்.

அளக்கும் முறைகள் இரண்டு

முதல் முறை, அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடுவது. இதற்கு 'மேப்' சென்சார் என்று பெயர். ஆக்ஸிலேட்டர் வால்வுக்கும் இன்ஜினுக்கும் இடையே உள்ள காற்றுக் குழாயில் இது பொருத்தப்பட்டிருக்கும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது வால்வு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன் காற்றை உறிஞ்ச முயல்வதால் அக்குழாயில் அழுத்தம் குறைந்து 30 முதல் 40 கிலோபாஸ்கல் வரை இருக்கும். முழுவதும் மிதித்தால் வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கிவிடும். சமவெளியில் அது சுமார் 100 கிலோபாஸ்கல். இந்த அழுத்தம், காற்றின் வெப்பம், இன்ஜினின் வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு காற்றின் எடையைக் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. சிறு வண்டிகளில் பெரும்பாலும் இம்முறையே உள்ளது.

இரண்டாவது முறை, ஓடும் காற்றையே நேராக அளப்பது. இதற்கு 'மாஃப்' சென்சார் என்று பெயர். இது ஏர் பில்டரை அடுத்து இருக்கும். இதனுள் மெல்லிய கம்பி அல்லது தகடு மின்சாரத்தால் சூடாக்கப்பட்டிருக்கும். காற்று அதிகம் வீசினால் கம்பி அதிகம் குளிரும். சூட்டைக் குறையாமல் நிறுத்த எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதைக் கொண்டு காற்றின் அளவு தெரிந்துவிடும்.

இவை புதியவை அல்ல. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-லேயே அழுத்தத்தை அளந்து பெட்ரோல் தெளிக்கும் அமைப்பை வோக்ஸ்வாகன் கார்களுக்குக் கொடுத்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி நடைமுறைக்கு வந்த பிறகு, புதிய பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் இல்லாமல் போய்விட்டது.

மலை ஏறினால்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் வண்டியை எடுத்துக்கொள்வோம். உதகை கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல்தான். சமவெளியில் செட் செய்த கார்புரேட்டர் வண்டி அங்கே போனால், காற்று மெலிந்துவிடுவதால் பெட்ரோல் மிகுந்து கரும்புகை தள்ளும். சென்சார் உள்ள வண்டியோ காற்றின் குறைவை அறிந்து பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும். கலவை சரியாக இருந்தாலும் இழுவை குறையத்தான் செய்யும். அது பழுதல்ல. அங்கு வண்டி இழுக்கவில்லை என்று சென்சாரை மாற்றுவது வீண் செலவு.

பழுதின் அறிகுறிகள்

மாஃப் சென்சாரின் கம்பியில் தூசி படிந்தால் கம்பி சரியாகக் குளிராது. காற்று குறைவாக வருகிறது என்று தவறான செய்தி போகும், பெட்ரோல் குறையும். சென்சாருக்கும் இன்ஜினுக்கும் இடையே உள்ள குழாயில் விரிசல் கண்டாலும் இதே விளைவுதான். அளவில் சேராத காற்று அவ்வழியே நுழைந்துவிடும். வண்டி காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது; மிதித்தால் திணறும்; சுமையோடு மேடேறும்போது 'நாக்கிங்' சத்தம் கேட்கும்.

மேப் சென்சாரில் நிலைமை வேறு. அதற்குப் போகும் சிறு ஹோஸ் வெடித்தால், வெளிக்காற்றின் அழுத்தம் கலந்து அளவு கூடுதலாகக் காட்டும். உடனே பெட்ரோல் அதிகமாகத் தெளிக்கப்படும். பிளக்கில் கரி படியும், சைலன்சரில் பெட்ரோல் வாடை வரும், மைலேஜ் விழும். இதைக் கவனியாது ஓட்டினால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் மிகையாகச் சூடேறிக் கெட்டுவிடும். அதன் விலை சென்சாரின் விலையைப் போல் பல மடங்கு.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். வால்வு சரியாக மூடாத இன்ஜினில் உறிஞ்சும் சக்தி குறைவதால் குழாயில் அழுத்தம் கூடிவிடும். மேப் சென்சார் அதை உள்ளபடியே சொல்லும். அங்கே கோளாறு இன்ஜினில்தான். எத்தனை சென்சார் மாற்றினாலும் தீராது.

சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்த புகையைப் பார்த்துக் கலவையை ஓரளவு திருத்தும். சிறிய தவறுகள் இதனால் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். திருத்தத்தின் எல்லை தாண்டினால்தான் மீட்டரில் 'செக் இன்ஜின்' விளக்கு எரியும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. ஏர் பில்டரைக் குறித்த காலத்தில் மாற்றவும். களம், செங்கல் சூளை, மண் சாலை ஆகிய இடங்களில் ஓடும் வண்டிக்கு இன்னும் முன்னதாகவே மாற்ற வேண்டும். பில்டர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. காகித பில்டரைப் பெட்ரோலில் கழுவுவதும், அதற்கு எண்ணெய் பூசுவதும் தவறு. எண்ணெய் கம்பியில் ஒட்டித் தூசியைப் பிடித்துவிடும்.

2. மாதம் ஒரு முறை காற்றுக் குழாய்களையும் கிளிப்புகளையும் கையால் தடவிப் பார்க்கவும். குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்த்தால்தான் விரிசல் தெரியும்.

3. வைக்கோல், தானிய மூட்டை உள்ள கொட்டகையில் நிறுத்தும் வண்டியில் எலி ஒயரைக் கடிப்பது சகஜம். சென்சாருக்குப் போகும் ஒயர்களையும் பிளக்குகளையும் பார்க்கவும்.

4. வண்டியைக் கழுவும்போது சென்சார்களின் மேல் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது.

5. மாஃப் சென்சாரைத் துணியாலோ பிரஷ்ஷாலோ துடைக்கக் கூடாது, கம்பி அறுந்துவிடும். அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்து, நன்கு உலர்ந்த பின் மாட்ட வேண்டும்.

6. விளக்கு எரிந்தால் பாட்டரி ஒயரைக் கழற்றி அணைக்க முயல வேண்டாம். பதிவாகியுள்ள பழுதுக் குறிப்பு அழிந்துவிடும்.

7. எந்தப் பாகத்தை மாற்றுவதற்கு முன்பும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். மேப் சென்சார் உள்ள வண்டியில், இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் சமவெளியில் 100-ஐ ஒட்டியும், உதகையில் 77-ஐ ஒட்டியும் காட்ட வேண்டும். இன்ஜின் சூடேறி, ஏ.சி. முதலியன ஓடாமல் ஐடிலிங்கில் இருக்கும்போது 30-க்கும் 40-க்கும் இடையில் இருக்க வேண்டும். முதல் அளவு தவறினால் சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்கலாம். முதல் அளவு சரியாக இருந்து இரண்டாவது மட்டும் கூடுதலாக இருந்தால், முதலில் ஹோஸ், காஸ்கெட் ஆகியவற்றில் காற்றுக் கசிவு உண்டா என்றும், பிறகு இன்ஜின் வால்வுகளையும் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே பிடிக்கும். முதலில் அளந்து பார்த்துப் பிறகு பாகத்தை மாற்றும் பழக்கத்தைக் கைக்கொண்டால், வீண் செலவைத் தவிர்ப்பதுடன் விளைபொருளையும் உரிய நேரத்தில் சந்தையில் சேர்த்துப் பயனடையலாம்.