தொற்று நீங்கிய பின்னும் தொடரும் நோய்

வைரஸ் நோயில் காய்ச்சல் தணிந்தாலே நோயாளி குணமடைந்தார் எனக் கொள்வது வழக்கம். இது முழு உண்மையன்று என்பதை ஐதராபாத் நகரம் இருமுறை கண்டுள்ளது. ஆந்திரப் பிரதேசத்தில் 2005-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் தலைகாட்டிய சிக்குன்குனியா, 2006-இல் இந்நகரிலும் பரவியது. காய்ச்சல் சில நாட்களில் நீங்கினும், மூட்டுவலி பலரை மாதக்கணக்கில் வருத்தியது. 2020-இல் பரவிய கோவிட் நோயோ, குணமடைந்தோர் பலரிடம் சோர்வையும் மூச்சுத்திணறலையும் விட்டுச் சென்றது.

தொற்று ஏற்பட்ட மூன்று மாதங்களுக்குப் பின்னும் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதங்கள் நீடித்து, வேறு காரணத்தால் விளக்க இயலாத அறிகுறிகளைக் கோவிட் பின்விளைவு என 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 31 மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 14,419 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களுள் 17.1 சதவீதத்தினர் பின்விளைவுகளுக்கு ஆளாயினர், 6.5 சதவீதத்தினர் ஓராண்டிற்குள் இறந்தனர்.

உடலில் எஞ்சும் வைரஸ் கூறுகள், நோய் எதிர்ப்பாற்றலின் பிறழ்ச்சி ஆகியன காரணங்களாக ஆராயப்படுகின்றன. இதனை உறுதிப்படுத்தும் தனியொரு பரிசோதனை இல்லாமையே விவாதத்திற்கு வித்திட்டுள்ளது. பரிசோதனை முடிவு இயல்பாக இருப்பதால் நோயே இல்லை எனத் தள்ளுதல் தகாது. தினக்கூலி பெறுவோர்க்கு இத்தளர்ச்சி வருவாய் இழப்பாகும். ஆகவே, குணமடைந்தோர் கணக்கோடு நில்லாமல், ஆரம்ப சுகாதார நிலையங்கள் வாயிலாக அவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதும் பொதுச் சுகாதாரப் பணியின் பகுதியாதல் வேண்டும்.