பாலத்துக்கு அந்தப் பக்கம் விலை குறைவு

கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடி. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை, புதுச்சேரி எல்லை. அங்கே மதுவுக்கு வரி குறைவு, பாட்டில் மலிவு. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சாராயம் அங்கே உரிமம் பெற்ற கடையிலேயே கிடைக்கும். இரண்டு அரசுகளின் இரண்டு கொள்கைகளுக்கு நடுவே இருக்கும் விலை வித்தியாசம்தான் கடத்தல்காரனின் முதலீடு. டூவீலர் சீட்டுக்கு அடியில் பாட்டில் அடுக்கிவரும் பையன் மாட்டிக்கொண்டால் வண்டியும் போகும், வழக்கும் வரும். சரக்குக்குச் சொந்தக்காரர் வீட்டில் இருப்பார்.

ஆட்சி மாறினால் சாராயம் ஒழியுமா? 2001-ல் பண்ருட்டியில் விஷச்சாராயம் குடித்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அப்போது அ.தி.மு.க. ஆட்சி. 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அதேபோல் சாவுகள், அப்போது தி.மு.க. ஆட்சி. மூன்று ஊர்களும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2003-ல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. ஆனாலும் குவார்ட்டர் வாங்கக் காசில்லாத கூலித் தொழிலாளி பாக்கெட் சாராயத்தைத்தான் தேடிப்போனார். கருணாபுரத்துக்குப் பிறகு, சாராயத்தால் சாவு நேர்ந்தால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. தண்டனை கூடியது நல்லதுதான். ஆனால் ஆலைக்குப் போகவேண்டிய மெத்தனால் என்ற விஷ ரசாயனம் சாராயப் பானைக்குள் வராமல் தடுப்பது அன்றாடக் கண்காணிப்பு ஒன்றே.

புள்ளிவிவரத்திலும் கவனம் தேவை. ரெய்டு கூடினால் மதுவிலக்கு வழக்குகளும் கூடும். ரெய்டை நிறுத்தினால் கணக்கில் குற்றம் குறைந்ததுபோலத் தெரியும். ஆகவே எத்தனை வழக்கு என்பதோடு, எத்தனையில் தண்டனை கிடைத்தது என்றும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

உயிர் காக்க

மெத்தனால் குடித்தவுடன் வேலை காட்டாமல் மறுநாள்கூடக் காட்டலாம். வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்றால் மோர், எலுமிச்சை என்று நேரம் போக்காமல் 108-ஐ அழையுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். வழக்குக்குப் பயந்து குடித்ததை மறைத்தால் சிகிச்சைதான் தாமதமாகும்.

புகார் செய்ய

சாராய விற்பனை பற்றிச் சொல்ல, மதுவிலக்குப் பிரிவின் கட்டணமில்லா எண் 10581. காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், எழுதி மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை. டாஸ்மாக் கடை, பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். மீறினால், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஓட்டுப் போடுவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பாக்கெட் சாராயம் எந்தத் தெருவில் விற்கிறது என்பது ஊருக்குத் தெரியும். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்தால், 'எங்களுக்குத் தெரியாது' என்று பிறகு யாரும் சொல்லமுடியாது.